வெளிநாட்டில் ஒரு பருவம்: வணிகம் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கான விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். வருபவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வணிக நிர்வாகம், நிதி, சந்தைப்படுத்தல், கணக்கியல் படிப்பவர்கள். நானும் வணிகம் படித்த காலத்தில் ஒரு பருவம் தென்கொரியாவில் இருந்துவிட்டு வந்தவள். ஒரே கேள்விகள் வாராவாரம் வருகின்றன. பினாங்கிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்க முடியாதவர்களுக்காக அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, எங்கள் வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது?

அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டப் போவதே இல்லை. இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இந்த ஒரு தவறான எண்ணத்தாலேயே விண்ணப்பப் பாரத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறாத வருத்தம்.

பரிமாற்றம் என்பது இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல். இங்கிருந்து ஒருவர் அங்கே போகிறார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருகிறார். அவரவர் கட்டணத்தை அவரவர் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டினால் போதும். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ உள்நாட்டு மாணவராக நீங்கள் வழக்கமாகக் கட்டும் பருவக் கட்டணத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவு ஒட்டும் பட்டியலில் சில இடங்கள் கட்டண விலக்கு இல்லாதவையாக இருக்கும். அங்கே நீங்கள் கட்டணம் செலுத்தும் வருகை மாணவர். அந்த ஊர்க் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில் விழும். இரண்டு வகைக்கும் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "அங்கே படிப்புக் கட்டணம் விலக்கப்படுகிறதா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் பணம் வேண்டும்?

விமான டிக்கெட், விசா, காப்புறுதி, தங்குமிடம், சாப்பாடு. கடப்பிதழ் இல்லாதவர்களுக்கு அதற்கு 200 ரிங்கிட். தங்குமிடத்துக்கு முன்பணம் கேட்பார்கள் என்பதால் முதல் மாதம்தான் கனமாக இருக்கும்.

சில நாடுகள் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லும். ஜெர்மனியில் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் ஒரு முடக்க வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது கட்டணமன்று, உங்கள் பணம், அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். உபகாரச் சம்பளம் கிடைத்தால் போடவேண்டிய தொகை குறையும். ஆனால் இந்தப் பணத்துக்காக ஆ லோங் என்னும் கந்துவட்டிக்காரர்களிடம் போகவே போகாதீர்கள். அந்த நிலைமை வருமென்றால் வேறு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

உபகாரச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

வணிக மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது எய்ம்ஸ் என்ற ஆசியான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றி. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து 2010இல் தொடங்கியது. பின்னர் மற்ற நாடுகளும் சேர்ந்தன. அதன் பாடத்துறைகளில் அனைத்துலக வணிகமும் ஒன்று. உங்கள் பல்கலைக்கழகமும் உங்கள் துறையும் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு ஜாசோ உதவித்தொகை உண்டு: மாதம் 80,000 யென். அங்குள்ள பல்கலைக்கழகம் உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே ஏற்புக் கடிதம் வந்தவுடனே அதைப் பற்றி எழுதிக் கேட்க வேண்டும். ஐரோப்பாவுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இருக்கிறது. மாதச் செலவுத் தொகையோடு பயணத் தொகையும் தருவார்கள். அந்த ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனால்தான் அது கிடைக்கும், விண்ணப்பமும் உங்கள் பல்கலைக்கழகம் வழியாகத்தான்.

பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கியிருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பருவத்திலும் பணம் தொடர்ந்து வருமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. தாத்தா, பாட்டி காலத்திலிருந்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் மாதாமாதம் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் 1960இல் எழுந்த சங்கம் அது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எந்தப் பருவத்தில் போவது நல்லது?

இரண்டாம் ஆண்டு, அல்லது மூன்றாம் ஆண்டின் முதல் பாதி. முதலாண்டில் காட்டுவதற்கு மதிப்பெண் இருக்காது. கடைசியில் தொழிற்பயிற்சியும் இறுதித் திட்டமும் வந்து குறுக்கே நிற்கும். சி.ஜி.பி.ஏ. என்னும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளி 3.00ஐ ஒட்டிக் கேட்கும் இடங்கள் அதிகம். அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பவர்களையும் எடுக்கும் இடங்கள் உண்டு, பட்டியலை முழுவதும் படியுங்கள்.

நம் நாட்டுக் காலஅட்டவணையும் அவர்களுடையதும் ஒத்துப்போகா. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபரில். இங்கே தேர்வு முடிவதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடக் கூடாது. இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பாடங்களைப் பொருத்துவது என்கிறார்களே, அது என்ன? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விண்ணப்பத்தின் முதுகெலும்பு இதுதான். கடிதம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடலாம். இதில் பிழை வந்தால் ஒரு பருவமே பின்னால் போய்விடும்.

அங்கே நீங்கள் படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்குள்ள ஒரு பாடத்துக்கு ஈடாக ஏற்கப்பட வேண்டும். பொதுவான அளவுகோல், உள்ளடக்கத்தில் 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், குறைந்தது 'சி' தரம் வாங்கியிருக்க வேண்டும் என்பது. ஆகவே பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வாராந்தரத் தலைப்புகள் இருக்கும் பாடத்திட்டத்தை அந்தப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கி, நம் பாடத்திட்டத்தோடு வாரம் வாரமாக ஒப்பிடுங்கள். நான் மேசையில் இரண்டையும் விரித்து, ஒத்துவரும் தலைப்புகளுக்கு மஞ்சள் கோடு போடச் சொல்வேன். பதினான்கு வாரத்தில் பன்னிரண்டாவது மஞ்சளானால் விரிவுரையாளரிடம் தைரியமாகப் போகலாம்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி வரை. எனவே அங்கே 5 கிரெடிட் பாடம் 125 முதல் 150 மணி ஆகிறது. நம் மூன்றுக்கு அது போதும். ஒரு பருவத்துக்கு அவர்கள் 30 கிரெடிட் என்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து "நம்மைவிட இரண்டு மடங்கு பாடம்" என்று மலைக்க வேண்டாம், அலகுதான் வேறு.

எளிதில் பொருந்துபவை: அனைத்துலகச் சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, விநியோகச் சங்கிலி, தொழில்முனைவு, விருப்பப் பாடங்கள். மலேசிய வரிச் சட்டம், நிறுவனச் சட்டம், பொதுக் கட்டாயப் பாடங்கள் ஆகியவற்றை வெளியே தேட வேண்டாம், இங்கேயே முடித்துவிடுங்கள். உத்தி மேலாண்மையை வெளியே படிக்கப் பல துறைகள் விடுவதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். தென்கொரியாவில் இறங்கிய முதல் வாரம், நான் ஒப்புதல் வாங்கியிருந்த ஒரு பாடம் அந்தப் பருவம் நடக்காது என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பதிலாக வேறொன்றில் சேர்ந்தேன், நன்றாகவும் படித்தேன். ஆனால் அந்த மாற்றத்துக்கு என் துறையின் கையெழுத்தை வாங்கவில்லை, திரும்பிப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அந்த மூன்று கிரெடிட் ஏற்கப்படவில்லை. அடுத்த பருவத்தில் ஆறு பாடத்தோடு ஏழாவதாக அதையும் சுமந்தேன். நீங்கள் ஐந்து பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எட்டுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே மாற்றம் நேர்ந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

தரம் சி.ஜி.பி.ஏ.யில் சேருமா, கிரெடிட் மட்டும் சேருமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முன்கூட்டியே கேளுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு கட்டாயமா?

எல்லா இடத்திலும் இல்லை. நம் நாட்டு மூயெட் ஆங்கிலத் தேர்வு முடிவையும், உங்கள் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தையும் ஏற்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அதைக் கேட்டுவிட்டுப் பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். எழுதினால் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும்.

நோக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது? எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, அக்கா.

ஒன்றுமே இல்லை என்று சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பினாங்குத் தம்பி. அவர் கொண்டுவந்த கடிதம் "சிறு வயது முதலே வணிகத்தின்மீது எனக்குப் பேரார்வம்" என்று தொடங்கியது. அன்று காலை நான் படித்த கடிதங்களில் அப்படித் தொடங்கியது அது மூன்றாவது. கடிதத்தை மூடி வைத்துவிட்டு, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். குயின் தெருவில், மாரியம்மன் கோயிலுக்கு அருகில் பூ விற்கிறார் என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

பிறகு பேசப் பேசத் தம்பி கண் விரிந்து சொல்லத் தொடங்கினார். பனிக்கட்டி போட்ட பெட்டியில் மல்லிகை வந்து இறங்கும். எவ்வளவு வாங்குவது என்று அதிகாலையிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கணக்கு, சாதாரண நாளுக்கு ஒரு கணக்கு. மதியத்துக்குமேல் எத்தனை முழம் கட்டுவது என்று அம்மா வானத்தைப் பார்ப்பார். மழை வந்தால் கூட்டம் வராது. இரவு ஏழு மணிக்குமேல் விலை பாதி. மறுநாள் அந்தப் பூவுக்கு மதிப்பே இல்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் வந்து நிற்கும்போது பூ தீர்ந்துபோனால் ஆண்டின் மிகப் பெரிய வியாபாரம் கைவிட்டுப் போகும்.

"செயல்பாட்டு மேலாண்மை வகுப்பில் செய்தித்தாள் விற்பவர் கணக்கு படித்தீர்களா?" என்று கேட்டேன். மிஞ்சினால் எவ்வளவு நட்டம், பற்றாமல் போனால் எவ்வளவு நட்டம் என்று இரண்டையும் எடைபோட்டு, எத்தனை பிரதி வாங்குவது என்று முடிவெடுக்கும் கணக்கு அது. படித்திருந்தார். தேர்விலும் எழுதியிருந்தார். அது தன் வீட்டுக் கணக்கு என்று மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

புதிய கடிதம் பூப்பெட்டியில் தொடங்கி, அழியும் பொருள்களின் குளிர்ச் சங்கிலியைப் படிக்க நெதர்லாந்துக்குப் போக விரும்புவதில் முடிந்தது. உலகின் மிகப் பெரிய பூ ஏலம் நடக்கும் ஆல்ஸ்மீர் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பாடம், எதற்காக என்று இரண்டு பத்தி. அவ்வளவுதான்.

அப்பாவின் சிற்றுண்டிக் கடை, அம்மாவின் தையல், மாமாவின் லாரி, செந்தூலில் நடத்தும் முடிதிருத்தகம் எதுவானாலும் சரி, மறைக்காதீர்கள். அதில் உங்களுக்குத் தெரிந்த கணக்கு புத்தகம் மட்டும் படித்தவருக்குத் தெரியாது.

இன்னொன்று. மொழிகள் என்ற கட்டத்தில் மலாய், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "அது எதற்கு அக்கா" என்கிறார்கள். எழுதுங்கள். பேச, படிக்க, எழுதத் தெரியும் என்று முழுமையாக எழுதுங்கள். வணிகம் படிப்பவருக்கு மூன்றாவது மொழி எவ்வளவு பெரிய பலம்!

பாரத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். எனக்குக் குடும்பப் பெயரே இல்லையே?

நமக்கென்றே வரும் தொல்லை இது. அடையாள அட்டையில் நம் பெயர், இடையில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கமான 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு அப்பாவின் பெயர். வெளிநாட்டுப் பாரங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். நடுவில் உள்ள சாய்கோட்டைப் பாரம் ஏற்காது. ஒரு தங்கைக்கு ஏற்புக் கடிதம் ஒரு வடிவத்திலும் விடுதிக் கடிதம் இன்னொரு வடிவத்திலும் டிக்கெட் மூன்றாவது வடிவத்திலும் வந்தது. மூன்றையும் ஒன்றாக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

கடப்பிதழின் படப் பக்கத்தில், அடியில் இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பதற்கான அந்த வரிகளில் எழுத்து, எண், ஓர் அம்புக்குறி தவிர வேறெதுவும் வராது; சாய்கோட்டுக்கு அங்கே இடமே இல்லை. அங்கே உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையை எல்லாப் பாரத்திலும் பின்பற்றுங்கள். அங்குள்ள அலுவலகத்துக்கு ஆரம்பத்திலேயே நான்கு வரி எழுதுங்கள்: இது என் பெயர், இது என் தந்தையின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, கடப்பிதழில் உள்ளபடியே எல்லா ஆவணத்திலும் போடுங்கள். ஏற்புக் கடிதம் வந்ததும் முதலில் பெயரைப் பாருங்கள், பிறகு மகிழ்ச்சியடையுங்கள்.

விசாவுக்கு எப்போது அலைய வேண்டும்?

ஏற்புக் கடிதம் கைக்கு வந்த வாரமே. நம் கடப்பிதழுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். ஒரு பருவம் அதைவிட நீளம். "சுற்றுலாவாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜெர்மனிக்கு மலேசியர்கள் புறப்படும் முன்பே விசா வாங்க வேண்டும். ஜப்பானுக்கு அந்தப் பல்கலைக்கழகமே தகுதிச் சான்றிதழ் எடுத்து அனுப்பும். அதை வைத்து இங்குள்ள தூதரகத்தில் விசா. தென்கொரியாவுக்குப் பரிமாற்ற மாணவர் விசாவின் பெயர் டி-2-6. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குப் பார்வையாளராகப் போகலாம், ஆனால் 2025 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஒரே ஒரு பருவத்துக்கு அது மிக அதிகம் என்பது என் கருத்து.

கடப்பிதழ் காலாவதியாக, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் இருக்கட்டும். கோலாலம்பூரில் புடு சென்ட்ரலிலும் பினாங்கில் கொம்தாரிலும் நகர்ப்புற உருமாற்ற மையங்களில் குடிநுழைவுத் துறைச் சேவை இருக்கிறது.

அங்கே பகுதிநேர வேலை செய்யலாமா?

ஜப்பானில் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். பிரிட்டனில் பார்வையாளராகப் போனவர் வேலையே செய்யக் கூடாது. எங்கே போனாலும் அந்தச் சம்பளத்தை நம்பிச் செலவுக் கணக்குப் போடாதீர்கள்.

எல்லாரும் ஒரே இடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். எனக்குக் கிடைக்குமா?

சியோலுக்கும் லண்டனுக்கும் கூட்டம் அலைமோதும். மூன்று விருப்பங்களில் ஒன்றையாவது, பெயர் அதிகம் கேள்விப்படாத ஊருக்குக் கொடுங்கள். போலந்து, லித்துவேனியா, தைவான் போன்ற நாடுகளில் வணிகப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் இடங்கள் இருக்கின்றன, செலவும் குறைவு. கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு அதே கோப்போடு மீண்டும் போடுங்கள். பாடப் பொருத்தம் தயாராக இருப்பவருக்கு இரண்டாவது முறை வேலை பாதிதான்.

பெற்ற தாய் நான் கேட்கிறேன். பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?

அம்மா, இந்தக் கேள்வியை உங்கள் மகள் வழியாகச் சொல்லியனுப்பாமல் நீங்களே வந்து கேட்டதற்கு நன்றி. அவளிடம் ஒரு தாளில் சில விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: விடுதியின் முழு முகவரி, அங்குள்ள பொறுப்பாளரின் தொலைபேசி எண், காப்புறுதி அட்டை எண், அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தின் எண். வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்கள் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பதிந்துகொள்ளலாம். அவள் பதிந்துவிட்டாளா என்று கேளுங்கள். அதே பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆண்டு போய்வந்த மாணவியின் தொடர்பை அனைத்துலகப் பிரிவிடம் கேட்டு வாங்கலாம். அந்தப் பெண்ணோடும் அவள் அம்மாவோடும் நீங்கள் பேசுங்கள். என் அம்மா அப்படித்தான் பேசினார், ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் என் பெட்டிக்குப் பூட்டு வாங்கினார்.

சாப்பாட்டுக்கு என்ன கொடுத்துவிடலாம்? நெய் அனுப்பலாமா?

ஐரோப்பாவுக்கு நெய் கூடாது, அம்மா. பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுபோகத் தடை. ஆகவே கோழி ஊறுகாயும் வேண்டாம். ஆஸ்திரேலியா என்றால் எந்த உணவுப் பொருளையும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளைவிடக் கடையில் மூடி முத்திரையிட்ட பொட்டலம் நல்லது, பெயர் அச்சடித்திருப்பதால் சுங்கத்தில் கேள்வி குறையும். சின்ன ரைஸ் குக்கர் வாங்கும் முன் மின்செருகியைப் பாருங்கள். நம்முடையதும் பிரிட்டனுடையதும் மூன்று பட்டைக் காலோடு ஒரே மாதிரி. ஜெர்மனியிலும் கொரியாவிலும் இரண்டு உருண்டைக் கால். ஜப்பானில் மின்னழுத்தமே 100 வோல்ட்தான், நம் ஊர்க் குக்கர் அங்கே சரியாகச் சூடேறாது. ஜப்பானுக்குப் போகும் பிள்ளை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.